கண்ணாடிக்கு எந்தத் துணி? சவுக்கார்பேட்டையில் வாங்கி, ராயபுரத்தில் துவைத்துப் பார்த்தவை

கண்ணாடி துடைக்கும் துணியைக் கடையில் கையில் பிடித்துப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கடையில் எல்லாத் துணியும் மெத்தென்றுதான் இருக்கும். பல தடவை துவைத்து, வெயிலடிக்கும் நேரத்தில் ஒரு கண்ணாடியைத் துடைத்து, சற்றுத் தள்ளி நின்று சாய்வாகப் பார்க்கும்போதுதான் அதன் குணம் தெரியும். வடசென்னை ராயபுரத்தில் இருந்துகொண்டு அலுவலகங்கள், கிளினிக்குகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள் ஆகியவற்றின் கண்ணாடி துடைக்கும் ஒப்பந்த வேலை நடத்துகிறேன். தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த லிக்விட் வாங்கலாம் என்பதுதான். ஒரு வாளித் தண்ணீருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும், தம்பி. யோசனையையும் பணத்தையும் துணியில் போடுங்கள்.

எங்கள் பக்கத்தில் கண்ணாடி சீக்கிரம் கெடும். காசிமேட்டிலிருந்து திருவொற்றியூர் வரை கடலைப் பார்த்த ஜன்னல்களில் உப்பு படிந்து, விரலால் தொட்டால் பிசுபிசுக்கும். எண்ணூர்ப் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். மணலி நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி. 2011 வரை சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத்தாதுவும் கையாண்டார்கள். உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அது நின்று, நிலக்கரி எண்ணூருக்குப் போனது. அதற்கு முன் ராயபுரத்தில் ஜன்னல் திண்டில் கை வைத்தால் கை கறுத்துவிடும். இன்று அந்தக் கருமை இல்லை. ஆனால் உப்பும் சாம்பலும் இருக்கின்றன. சாம்பலில் இருக்கும் சிலிக்காத் துகள் கண்ணாடியைவிடக் கடினமானது. அதன்மேல் காய்ந்த துணியை வைத்து அழுத்தித் தேய்த்தால், துணி எவ்வளவு மென்மையாக இருந்தாலும் மெல்லிய கீறல்கள் விழும். ஆகவே இங்கே முதல் விதி, தண்ணீர் ஊற்றாமல் எந்தத் துணியும் கண்ணாடியைத் தொடக்கூடாது. இதை ஒப்புக்கொண்டால்தான் துணியைப் பற்றிப் பேசுவதில் பொருள் இருக்கிறது.

தொழில்முறை வேலையில் கண்ணாடியின் பெரும்பகுதியைத் துணி தொடுவதே இல்லை. ஈர மாப்பால் நனைத்து, ரப்பர் வைப்பரால் இழுத்துவிடுகிறோம். இன்று கையில் பிடிக்கும் ஒற்றை ரப்பர் வைப்பருக்கு 1936-இல் காப்புரிமை பெற்றவர், அமெரிக்காவில் குடியேறிய எட்டோரே ஸ்டெக்கோனே என்ற இத்தாலியர். அவர் கொடுத்த கருவி நடுக்கண்ணாடியின் கவலையைத் தீர்த்துவிட்டது. மிச்சம் இருப்பது ஓரங்கள். வைப்பர் இழுத்த பிறகு சட்டத்தை ஒட்டி ஒரு நூல் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். அதை அப்படியே விட்டால் மதியத்துக்குள் வெள்ளைக் கோடாகக் காய்ந்துவிடும். தவறான துணியால் துடைத்தால் அந்தத் தண்ணீரே நடுக்கண்ணாடிக்கு இழுபட்டுப் பட்டையாகப் பரவும். துணியின் உண்மையான பரீட்சை அந்த ஓரத்தில்தான். அந்த இடத்தில் தண்ணீரைக் குடிக்க வேண்டும், தன்னிடமிருந்து எதையும் விட்டுவிட்டுப் போகக்கூடாது. பிசிறு, சாயம், கஞ்சி, சோப்பு எதுவும்.

முதலில் எல்லாரும் எடுப்பது பனியன் வேஸ்ட். திருப்பூரில் பின்னலாடை வெட்டும்போது மிஞ்சும் துண்டுகள் மூட்டை மூட்டையாக இங்கே வந்து இறங்குகின்றன. வண்ணத் துண்டுகள் மலிவு, வெள்ளை சற்று அதிகம். எனக்கு வெள்ளை கிலோ 90 ரூபாய்க்குக் கிடைத்தது. மெக்கானிக் கடைக்கும் அச்சகத்துக்கும் இதைவிட நல்ல துணி இல்லை. கண்ணாடிக்கு எடுத்தால், வெட்டிய விளிம்பெல்லாம் சுருண்டு நூல் உதிரும். காலையில் துடைத்த கண்ணாடியை மதியம் எதிர்வெயிலில் பார்த்தால் முழுக்கப் பிசிறு ஒட்டியிருக்கும். போதாக்குறைக்கு மூட்டைக்குள் பாலியஸ்டர் கலந்த துண்டுகளும் வரும். அவை தண்ணீரைக் குடிக்காமல் தள்ளிக்கொண்டே போகும். ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிக் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும். நான் பனியன் துணியை விட்டுவிடவில்லை. ஜன்னல் திண்டு, ஜன்னல் கதவு நகரும் தண்டவாளம் போன்ற பள்ளம், கொசுவலைச் சட்டம் ஆகியவற்றுக்கு அதுதான். அழுக்கானால் வருத்தமில்லாமல் தூக்கிப் போடலாம். கண்ணாடிப் பக்கம் மட்டும் விடுவதில்லை.

செய்தித்தாள் பற்றியும் கேட்பார்கள். வீட்டில் ஒரு நிலைக்கண்ணாடிக்குச் சரி. நாள் முழுக்க வேலை செய்கிறவர் கையில் மை ஏறி, அது வெள்ளை பவுடர் கோட்டிங் செய்த ஜன்னல் சட்டத்தில் பதிந்துவிடும்.

என் முதல் தேர்வு பருத்தியில்தான் இருக்கிறது. மருத்துவமனைகளில் அறுவைச் சிகிச்சைக் கூடத்தில் கை துடைக்கப் பயன்படுத்தும் துண்டு, ஹக்கபேக் நெசவு. மேலே சின்னச் சின்னப் புள்ளிகளாக நூல் எழும்பி நிற்கும். டர்க்கி டவலைப் போல வளைய நூல் கிடையாது, அதனால் சட்டத்தின் திருகில் மாட்டி இழுபடாது. பூங்கா நகர் நைனியப்ப நாயக்கன் தெருவில் மருத்துவப் பொருட்கள் மொத்தமாக விற்கும் கடைகளில் கேட்டால் புதிய துண்டு எடுத்துக் கொடுப்பார்கள். எனக்கு ஒன்று 45 ரூபாய் விழுந்தது. மருத்துவமனையில் கழித்துவிட்ட பழைய துண்டு மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அது எங்கே, எதைத் துடைத்தது என்று உங்களுக்கும் தெரியாது, உங்கள் ஆட்களுக்கும் தெரியாது. அவர்கள் கைதான் அதைப் பிழியப் போகிறது.

புதிய ஹக்கபேக்கை வாங்கிய அன்றே கண்ணாடியில் வைத்தால் ஏமாந்துபோவீர்கள். நெசவுக் கஞ்சி முழுதும் அதில் இருக்கும். ஈரக் கண்ணாடியில் பட்டதும் அந்தக் கஞ்சி கரைந்து பால் போன்ற படலமாகப் பரவும். என் அப்பா பெரம்பூர் பி அண்டு சி துணி ஆலை 1996-இல் மூடப்படும் வரை அங்கே வேலை பார்த்தவர். துணியின் ஒரு முனையை இரண்டு விரலுக்கிடையில் கசக்கி, காதுக்கருகே கொண்டுபோவார். மொறமொறவென்று சத்தம் வந்தால் கஞ்சி இருக்கிறது, இன்னும் துவை என்பார். நான் இன்றும் அப்படித்தான் பார்க்கிறேன். வெந்நீரில் ஊறவைத்து, சோப்பில்லாமல் அலசி, திரும்பத் திரும்பத் துவைத்த பிறகு அந்தச் சத்தம் அடங்கும். அதன் பிறகு அந்தத் துண்டு தண்ணீரை உறிஞ்சும் வேகம் உங்களுக்கே ஆச்சரியமாக இருக்கும். லேசாக ஈரமாக்கி நன்றாகப் பிழிந்து, ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றி, மேல் மூலையிலிருந்து கீழ் மூலைக்கு ஒரே இழுப்பில் ஓரத்தைத் துடைத்தால் கோடு விழுவதில்லை. பருத்தி ஈரத்தில் பலம் கூடும் நூல். ஆண்டுக்கணக்கில் தாங்கும், துவைக்கத் துவைக்க மேம்படும்.

இதே காரணத்துக்காக, வீட்டில் நைந்துபோன வேட்டி இருந்தால் எறியாதீர்கள். நல்ல பருத்தி வேட்டி பல்லாண்டு வெளுப்பில் கஞ்சியும் பிசிறும் முழுதும் இழந்திருக்கும். கரையை வெட்டி எடுத்துவிட்டு, கைக்குட்டையைவிடச் சற்றுப் பெரிதாகக் கிழித்து ஓரம் மடித்துத் தைத்துக்கொண்டால், மேசைக் கண்ணாடிக்கும் ஷோகேஸுக்கும் அதற்கு இணை கிடையாது. எங்கள் கிளினிக் வேலைகளில் மருந்து அலமாரிக் கண்ணாடிக்கு இன்னும் வேட்டித் துணிதான்.

அடுத்தது மைக்ரோஃபைபர். இதைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில்தான் அதிகம் ஏமாற்றுகிறார்கள். நல்ல மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் பாலிஅமைடும் (அதாவது நைலான்) சேர்ந்த இழை. 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்று அட்டையில் போட்டிருக்கும். 9,000 மீட்டர் நீள இழை 1 கிராம் எடை இருந்தால் அது 1 டெனியர். மைக்ரோஃபைபர் அதற்கும் குறைவான இழை. துடைக்கும் துணிக்கு அது மட்டும் போதாது. ஆலையிலேயே அந்த இழையை நீளவாக்கில் பல கீற்றுகளாகப் பிளந்திருக்க வேண்டும். அந்தக் கீற்றுகளின் இடுக்கில்தான் தண்ணீரும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறுகின்றன. பிளக்காத இழையில் செய்த துணி பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், விலையும் பாதிதான், ஆனால் கண்ணாடியில் தண்ணீரை இங்கிருந்து அங்கே நகர்த்தும்.

பிளந்த இழையா என்று பார்க்க ஆய்வகம் வேண்டாம். வேலை செய்து காய்த்த உள்ளங்கையில் துணியை மெல்ல இழுங்கள். நல்ல துணி தோலின் சொரசொரப்பில் பற்றிக்கொண்டு பிடித்து இழுக்கும். அந்த உணர்வு சிலருக்குப் பிடிக்காது, பல் கூசும் என்பார்கள். அதுதான் நமக்கு வேண்டியது. வழுக்கிக்கொண்டு போனால் வைத்துவிடுங்கள். பிறகு கடையின் கண்ணாடி மேசையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, துணியை அழுத்தாமல் அதன் மேல் வைத்து எடுங்கள். சொட்டு இருந்த இடம் உலர்ந்திருக்க வேண்டும்.

எடையில் இன்னொரு வித்தை நடக்கிறது. ஜி.எஸ்.எம். என்று அட்டையில் போடுவது ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்ற கணக்கு. 40-க்கு 40 சென்டிமீட்டர் துணி 300 ஜி.எஸ்.எம். என்றால் 48 கிராம் இருக்க வேண்டும். 400 என்றால் 64 கிராம். இணையத்தில் நான் வரவழைத்த ஒரு கட்டில் 300 என்று பெரிய எழுத்தில் இருந்தது. தராசில் வைத்தால் 34 கிராம். கணக்குப் போட்டால் 210-ஐச் சற்றுத்தான் தாண்டும். குறைந்த எடைத் துணி கெட்ட துணி என்று சொல்ல வரவில்லை. கண்ணாடியைப் பளபளக்கத் துடைக்க 200 முதல் 300 வரை உள்ள மெல்லிய துணிதான் நல்லது, தடித்தது ஈரத்தைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் சொன்ன எடை இல்லாத துணியில் சொன்ன கலவையும் இருக்காது என்பது என் அனுபவம்.

நெசவிலும் வகை இருக்கிறது. மீன் செதில் போல மேடும் பள்ளமுமாக வரும் துணி கண்ணாடிக்கென்றே செய்தது. உள்பக்கக் கண்ணாடி, குளியலறைத் தடுப்பு, லிஃப்டின் எஃகுக் கதவு மூன்றுக்கும் அது அருமை. கட்டம் கட்டமாக வரும் வாஃபிள் நெசவு அதிகத் தண்ணீர் குடிக்கும், திண்டைத் துடைக்கப் போவதற்கு முன் கண்ணாடியைக் கடைசியாக உலர்த்த நல்லது. வளைய நூல் உள்ள புசுபுசுத் துணியைத் திருகு இல்லாத சட்டத்துக்கு வையுங்கள். விளிம்பையும் கவனிக்க வேண்டும். தடித்த ஓவர்லாக் தையலில் மணல் போய் ஒளிந்துகொள்ளும். கூலிங் ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் அந்த மணல் ஒரு தடவை இழுபட்டால் போதும், ஃபிலிமை மாற்றித் தரச் சொல்வார்கள். தையல் இல்லாமல் வெட்டி அடைத்த விளிம்பு சற்று விலை கூடுதல், அதற்குத் தகுதியானது. ஓரத்தில் தைத்த லேபிளைப் பிரித்து எடுத்துவிட்டுத்தான் நான் பையில் வைக்கிறேன்.

போகிக்கு மறுநாள் மைக்ரோஃபைபரின் அருமை தெரியும். எங்கள் தெருக்களில் போகியன்று காலை எரிப்பதில் பழைய பாயோடு ரப்பரும் பிளாஸ்டிக்கும் போய்விடுகின்றன. அந்தப் புகை கண்ணாடியில் எண்ணெய்ப் பசையோடு கரியாகப் படியும். பருத்தித் துண்டு அதை வட்டம் வட்டமாகப் பூசிவிடும். பாலியஸ்டருக்கு எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும் இயல்பு இருக்கிறது. ஈரமாக்கிப் பிழிந்த மைக்ரோஃபைபரை நான்காக மடித்துக்கொண்டு, ஒரு பக்கம் கறுத்ததும் அடுத்த பக்கத்துக்குத் திருப்பினால், ஒரே துணியில் எட்டுச் சுத்தமான முகங்கள் கிடைக்கும். திருப்ப மறக்கும் ஆளுக்கு எந்தத் துணி கொடுத்தும் பயனில்லை.

லினன் ஸ்கிரிம் பற்றியும் ஒரு வார்த்தை. இங்கிலாந்துக் கண்ணாடித் தொழிலாளிகளின் துணி அது, ஆளி நாரில் தளர்வாக நெய்தது. நீள நார் என்பதால் பிசிறு குறைவு. வரவழைத்துப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது, விலை மட்டும் கட்டுப்படியாகவில்லை. நன்கு துவைத்த ஹக்கபேக் அதே வேலையைச் செய்துவிடுகிறது. பெரியமேட்டுத் தோல் கடைகளில் கேட்டு ஷாமாய்த் தோலும் வாங்கியிருக்கிறேன். எண்ணெயில் பதனிட்ட ஆட்டுத்தோல், தண்ணீரை அபாரமாக உறிஞ்சும். ஆனால் நம் ஈரக் காற்றில் மடித்து வைத்தால் பூஞ்சை பிடித்து நாறுகிறது. காருக்கு வைத்துக்கொள்ளலாம்.

இனி கடை. ஈவ்னிங் பஜாரிலிருந்து சவுக்கார்பேட்டைக்குள் நுழையும் சந்துகளில் ஒன்றில், தட்டுமுட்டுச் சாமான் கடைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒடுங்கலான கடை, வாசலில் துடைப்பக் கட்டு, உள்ளே தரையிலிருந்து உத்தரம் வரை துணி மூட்டை. அதைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே காரணம், மூட்டையைப் பிரித்துப் பார்க்க விடுகிறார்கள். வயதான சேட் கல்லாவில் உட்கார்ந்திருப்பார். முதல் தடவை நான் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்ததும், “வெளியே போய்க் கொளுத்துங்கள் அம்மா, இது முழுக்கத் துணி” என்றார். கோபப்படவில்லை. நூல் உருகியதைக் கொண்டுவந்து காட்டியபோது அந்த மூட்டையைத் தள்ளி வைத்துவிட்டு, வேறொன்றை அவரே இறக்கச் சொன்னார். மைக்ரோஃபைபர் கேட்டால் தராசை நம் பக்கம் திருப்பி வைப்பார். செதில் நெசவுத் துணி 40-க்கு 40 அளவில், மொத்தமாக எடுத்ததால் 65 ரூபாய்க்குக் கொடுத்தார். 260 ஜி.எஸ்.எம். என்றார், தராசிலும் ஏறக்குறைய அதுவே வந்தது. குறை இல்லாமல் இல்லை. அடர்சிவப்புத் துணி முதல் துவைப்பில் வாளி முழுக்கச் சாயம் விட்டது. பில் கேட்டால்தான் போடுகிறார்கள். மாற்றித் தருவது மூன்று நாளைக்குள் மட்டும், அதுவும் துவைக்காமல் கொண்டுவந்தால். துவைக்காமல் சாயம் போவதை எப்படிக் கண்டுபிடிப்பது? ஈரக் கைக்குட்டையைத் துணியின் மேல் வைத்துக் கடையிலேயே அழுத்திப் பார்த்துவிடுங்கள்.

வாங்கியது பாதி வேலை. துவைப்பதில்தான் துணி வாழ்வதும் சாவதும். பருத்தியையும் மைக்ரோஃபைபரையும் ஒரே வாளியில் போடக்கூடாது, பருத்தியின் பிசிறு முழுவதும் மைக்ரோஃபைபரில் ஏறி உட்கார்ந்துவிடும், பிறகு அதைப் பிரிக்க வழியில்லை. வாசனைக்காகப் போடும் கம்ஃபர்ட் வகைத் திரவம் இரண்டுக்குமே ஆகாது. அது இழைமேல் வழவழப்பாகப் படிந்து உறிஞ்சும் சக்தியைக் கெடுக்கிறது. மைக்ரோஃபைபருக்கு பிளீச்சிங் பவுடரும் கொதிநீரும் கூடாது. பவுடர் சோப்பு நம் உப்புத் தண்ணீரில் முழுதாகக் கரையாமல் துணியில் தங்கும், திரவச் சோப்பு கொஞ்சமாகப் போதும். அலசும் தண்ணீர் முக்கியம். மீஞ்சூர்க் கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் 2010-இல் ஓடத் தொடங்கிய பிறகு வடசென்னைக் குழாய்த் தண்ணீர் நிலைமை மேம்பட்டது. குழாய்த் தண்ணீர் வரும் வீட்டில் கடைசி அலசலை அதில் செய்யுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரில் அலசிய துணி காய்ந்ததும் அட்டை போல விறைக்கும். தண்ணீரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஆர்.ஓ. இயந்திரம் கழித்துவிடும் நீரில் அலசுகிறவர்கள் நிறைய. தரை துடைக்க அது சரி. அந்த நீரில் உப்பு முழுக்கச் செறிந்திருக்கும், கண்ணாடித் துணியை அதில் போட்டால் உப்பைத் துணியில் ஏற்றி மறுநாள் கண்ணாடியில் பூசுகிறோம்.

அலுமினியச் சட்டத்துக்குத் தனித்துணி கட்டாயம். கடற்காற்றில் அலுமினியம் மேலே வெளுத்துப் பொடிந்திருக்கும். துடைத்த துணியைப் பார்த்தால் சாம்பல் கறுப்பாக மை பூசியது போல இருக்கும், எத்தனை துவைத்தாலும் முழுக்கப் போகாது. அந்தத் துணி தவறிப்போய்க் கண்ணாடிக்கு வந்தால் அன்றைய வேலை முழுவதும் மறுவேலை. எங்களிடம் நீலம் கண்ணாடிக்கு, மஞ்சள் சட்டத்துக்கு, சிவப்பு கழிப்பறைக்கு. “அக்கா, மஞ்சள் தீர்ந்துவிட்டது, நீலத்தில் துடைக்கட்டுமா?” என்று கேட்டால், வேண்டாம், பனியன் துணியை எடு என்பேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் துணி காயாது. ஈரத்தோடு மடித்துப் பைக்குள் வைத்தால் மறுநாள் அந்த வாடை வாடிக்கையாளர் அறை முழுக்க வீசும். வீட்டுக்குள் கொடி கட்டி மின்விசிறியின் கீழ் போடுங்கள். மற்ற மாதங்களில் நிழலில். எண்ணூர், மணலிப் பக்கம் இருப்பவர்கள் மொட்டை மாடியில் காயப்போட வேண்டாம், காய்வதற்குள் சாம்பல் இறங்கிவிடும்.

ஒரு ஆள், ஒரு நாள் வேலைக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால், ஓரம் துடைக்க ஹக்கபேக் ஆறு, செதில் நெசவு மைக்ரோஃபைபர் நான்கு, சட்டத்துக்குத் தனியாக இரண்டு, பனியன் துணி ஒரு பை. ஒரு செட் வேலையில் இருக்கும்போது ஒரு செட் கொடியில் இருக்க வேண்டும் என்பதால் இரட்டிப்பாக வாங்குங்கள். சவுக்கார்பேட்டைச் சந்துக்குள் காலையிலேயே போய்விடுவது நல்லது. பதினொரு மணிக்கு மேல் சரக்கு ஏற்றும் மீன்பாடி வண்டிகள் உள்ளே வந்துவிட்டால், துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே வருவது பெரும்பாடு. ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை.